வாசித்துக் காட்டியவன்

என் குரல் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகத்தைப் பெரும்பாலும் நான்தான் வாசிப்பேன். எனக்குத் தொண்டை கட்டி, வேறொருவர் வாசிக்கிற வாரங்களில், பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது வந்து, "என்ன ஸ்தனிஸ்லாஸ், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார்கள். மற்றபடி நான் ஓர் இடத்தில் இல்லை என்பதை யாரும் கவனித்ததாக நினைவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். முதல் எது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தமிழ்மதியைப் பார்த்த நாளிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்பது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

திண்டுக்கல்லில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கிணற்று மோட்டாருக்கும் போர் மோட்டாருக்கும் வேண்டிய பேரிங், புஷ், காயில் என்று எல்லாம் விற்போம். ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்குக் கீழே புத்தகத்தை வைத்துப் படிப்பேன். முதலாளிக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டார். வீட்டில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் புத்தகங்கள்தான்.

அம்மா இருந்தவரை எனக்குப் பெண் பார்த்தார். போன வீடுகளில் தனியாகப் பேசச் சொல்வார்கள். நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "கடைசியா என்ன படிச்சீங்க?" ஒரு பெண், "பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்" என்றாள். இன்னொருத்தி, "எதுக்கு, வேலைக்கு அனுப்புவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர்கள் மேல் தவறில்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று விளக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்ததைப் பற்றிப் பேச ஒருத்தி வேண்டும் என்று பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்து சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

வாசகர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். அங்கே பர்ஹானா என்று ஒரு பெண் மிக நன்றாக எழுதுவாள். ஒரு நாவலைப் பற்றி அவளுக்குத் தனியாக நீளமாக எழுதினேன். எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். "நன்றி அண்ணா" என்று பதில் வந்தது, கூடவே கும்பிடும் கைப் படம். நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆத்தூரில் கருப்பணன் என்பவரின் தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோனது. அவர் எங்கள் கடை வாடிக்கைக்காரர். மெக்கானிக்கோடு சாமான்களை எடுத்துக்கொண்டு நானும் போனேன். மெக்கானிக் வேலை செய்து முடிக்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் சாக்கு விரித்து, நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவள் கை நின்றது. செத்த நேரம் கழித்துக் கேட்டாள்.

"பேப்பரா, புத்தகமா?"

"புத்தகம். நாவல்."

"அப்ப வாய்விட்டுப் படிங்களேன். சும்மா தாள் சத்தத்த மட்டும் கேக்கச் சொல்றீங்களே."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் அம்மை கண்டு இடது கண் வெளுத்துப்போனது. வலது கண்ணில் மக்காச்சோளத் தோகை கிழித்துப் புண்ணாகி, அதுவும் வெளுத்துவிட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வலது கண்ணும் போவதற்கு முன்னால் காந்திகிராமத்தில் எம்.ஏ. தமிழ் முடித்தவள். கருப்பணனுடைய ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லை.

நான் முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்தேன். மோட்டார் ஓடத் தொடங்கி, வாய்க்காலில் தண்ணீர் வந்து, மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றும்கூட, அவள் "அந்த அத்தியாயத்த முடிச்சிருங்க" என்றாள். கருப்பணன் சிரித்தார். "விடுங்க தம்பி, அவ விடமாட்டா" என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஆத்தூர் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.

அவள் என்னைவிட நல்ல வாசகி. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒருமுறை ஒரு நாவலில், வாத்தியார் மனைவி வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிற இடம் வந்தது. எனக்கு அதை வாசிக்கப் பிடிக்கவில்லை. அந்த மனைவி பஸ்ஸுக்குக் காத்திருந்ததாகவும், பஸ் வராததால் வீட்டுக்குத் திரும்பியதாகவும் நானாகச் சேர்த்து வாசித்தேன். எழுத்தாளரின் நடையிலேயே சொன்னதாகத்தான் நினைத்தேன். தமிழ்மதி கடலையை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எழுதுனவரு இந்த எடத்துல அசந்துட்டாரு. அம்புட்டு தூரம் அவள நடக்க வச்ச ஆளு, பஸ் வரலேன்னு திருப்பி அனுப்புவாரா?"

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. எழுத்தாளரைத்தான் குறை சொன்னாள்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் பெயரைப் பதிந்திருந்தார்கள். இறந்தவர்களின் கருவிழியை எடுத்து வைப்பார்கள். பொருத்தமானது வந்ததும் போன் செய்வார்கள். பதிவில் முதலில் கருப்பணன் நம்பர்தான் இருந்தது. மலையடிவாரத் தோட்டம், டவர் கிடைக்காது. அவரே என்னிடம் கேட்டார். "ஒங்க நம்பரக் குடுத்துருவோம் தம்பி. நீங்க டவுனுல இருக்கீக. அவுக கூப்பிட்டு நாம எடுக்கலேன்னா போச்சுல்ல." நான்தான் அவர்களோடு மதுரைக்குப் போய் நம்பரை மாற்றிக் கொடுத்தேன். அங்கே அனிஷா என்று ஒரு பெண் அதை எழுதிக்கொண்டாள். மிகவும் கனிவான பெண். கண்ணில் அழுத்தம் ஏறுகிறது, சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கருப்பணன் சந்தோஷமாக இருந்தார். "கண்ணு மட்டும் வந்துருச்சுன்னா கீரனூர்ப் பக்கம் ஒரு எடம் இருக்கு, தம்பி. நம்ம ஆளுகதான். பய டீச்சரா இருக்கான். ஒடனே பேசி முடிச்சுரலாம்" என்றார். முன் இருக்கையில் இருந்த தமிழ்மதி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. இறங்கும்போது அவள் என்னிடம் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"கண்ணு வந்துட்டா நானே படிச்சுக்கிருவேன். ஒங்கள இம்புட்டு தூரம் அலைய விட மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னாள். இப்போது அது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இனி நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னதுபோல் கேட்டது.

முதல் போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். கீரனூர்ச் சேதி கேட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. "சார், தமிழ்மதிக்குக் கருவிழி வந்திருக்கு. நாளைக்குக் காலைல அட்மிட் ஆகணும். கூட்டிட்டு வந்துருவீங்களா?" என்று அனிஷா கேட்டாள். எதிரே ஒருவர் பேரிங் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவரைக் கையமர்த்திவிட்டு, "அவங்களுக்குக் காய்ச்சலா இருக்கும்மா" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. "பரவால்ல சார், அடுத்து வரும்போது கூப்பிடுறோம். காய்ச்சல் சரியாகட்டும்" என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு அவருக்கு பேரிங் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு தடவைதானே என்று நினைத்தேன். கருவிழி மறுபடியும் வரும். அதற்குள் நான் கருப்பணனிடம் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான் அன்றைக்கு என் கணக்கு.

ஆனால் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் பேசினார். கண்ணில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வராததால் மனம் நொந்துபோயிருந்தார். வரப்பில் என்னோடு நடந்துகொண்டே சொன்னார். "எங்க ஆளுகள்ல ஒருத்தனும் வாசப்படி ஏற மாட்டேங்குறான், தம்பி. நீங்க வேதக்காரவுக. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. பேசட்டும். அவள மனுசியா மதிச்சு ஒக்காந்து பேசுற ஆளு நீங்க ஒருத்தருதான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார். அந்த நேரத்தில் போன் சேதியைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அப்படி நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

தமிழ்மதியிடம் நானே கேட்டேன். அவள் உடனே சம்மதிக்கவில்லை. "ஒங்களுக்கு வேண்டியது பொண்டாட்டியா, கேக்குறதுக்கு ஒரு ஆளா?" என்றாள். ரெண்டும்தான் என்றேன். அவள் சிரித்தாள். "அப்ப சரி" என்றாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், மேடம். பக்கத்து வீட்டு மாயம்மாளைக் கேட்டால் சொல்வார். காலையில் நான் சமைத்து வைத்துவிட்டுப் போவேன். வெஞ்சனம் எது, குழம்பு எது என்று தெரியும்படி ஒரே இடத்தில் வைப்பேன். சாயங்காலம் வந்ததும் வாசிப்பேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மறுபடி சொல்லிப் பார்ப்பாள். நான் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் கேட்கத் தெரியாமல் கேட்டது இதைத்தான்.

சொட்டு மருந்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. என் கையால்தான் போடுவேன். மதுரைக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை. போனால் முன்பு கூப்பிட்டதைப் பற்றிப் பேச்சு வரும். "வரிசை வந்தா அவங்களே கூப்பிடுவாங்க, சும்மா அலைய வேண்டாம்" என்று சொன்னேன். அவள் நம்பினாள். சில நாள் கண் வலிக்கிறது, விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது என்பாள். நான் சொட்டு மருந்து போட்டு, நெற்றியைப் பிடித்துவிடுவேன்.

இனி சொல்லப்போவது சின்ன விஷயம். ஆனால் இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. கல்லூரித் தோழி அறிவுச்செல்வி அவளிடம், இப்போது போனே புத்தகம் படிக்கும் என்று சொல்லியிருக்கிறாள். தமிழ்மதி ஆசையாகக் கேட்டாள். நான்தான் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். போடும்போது வேகத்தைக் கூட்டி வைத்தேன். இருந்த குரல்களில் மோசமான குரலைத் தேர்ந்தெடுத்தேன். அவள் இரண்டு நாள் முயன்று பார்த்தாள். "யாரோ வெரட்டிக்கிட்டே வார மாதிரி இருக்கு. வேணாம். ஒங்க கொரலே போதும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு இரண்டு அத்தியாயம் கூடுதலாக வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது போன் வந்தது. என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதன் பின் அவர்கள் கூப்பிடவே இல்லை.

போன மாதம் எங்கள் கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் வந்திருந்தார்கள். முந்தின ஞாயிறு பூசையில் அந்த அறிவிப்பை வாசித்ததும் நான்தான். நான் கடைக்குப் போன பிறகு, மாயம்மாள் தன் கண்ணைக் காட்டப் போனவர் தமிழ்மதியையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், அவளைக் காணோம். எதிர்வீட்டில் சொன்னார்கள். மண்டபத்துக்கு ஓடினேன்.

அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு பையன் பெயரையும் ஆதார் எண்ணையும் பதிந்துகொண்டிருந்தான். திரையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஒங்க பேரு எங்க கிட்ட ஏற்கனவே இருக்கு. ஆனா..." என்று இழுத்தான். "இதுல நீங்க இறந்துட்டதாப் போட்டிருக்கு."

தமிழ்மதி சிரித்தாள். "அப்ப பேயி வந்து ஒக்காந்திருக்குன்னு எழுதிக்கோ, தம்பி." வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகுதான் கேட்டாள். "யாரு சொன்னாகளாம்?"

"கணவர்னு இருக்கு, அக்கா. கருவிழி வந்துருக்குன்னு கூப்பிட்டப்ப சொன்னதா இருக்கு. அதுக்கு முன்னாடியும் ஒருக்கா கூப்பிட்டிருக்காங்க. காய்ச்சல்னு சொல்லியிருக்காங்க."

"கம்ப்யூட்டர்ல எவனாவது தப்பா ஏத்தியிருப்பான், விடு மதி" என்றார் மாயம்மாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். திரும்பாமலேயே, "வந்துட்டீங்களா" என்றாள். அப்போதும் அவள் குரலில் கோபம் இல்லை. நான் இல்லையென்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் பார்த்தார். டார்ச்சை அடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டார். அவள் தப்பான பக்கத்தைக் காட்டினாள். அவளுக்கு வெளிச்சமும் போய்விட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பாள். அழுத்தம் ஏறி உள்நரம்பு செத்துவிட்டது, இனிக் கருவிழி வைத்துப் பிரயோசனம் இல்லை என்றார் டாக்டர். "கூப்பிட்டப்ப வந்திருந்தா பாத்திருக்கலாம்மா. வெறும் சொட்டு மருந்து மட்டும் போதாது, செக்கப்புக்கு வந்திருக்கணும்" என்றார். அவர் அவளிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அவள் ஏதோ தன் தவறுபோலத் தலையாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். வழியில் என் கையைப் பிடிக்காமல் மாயம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாயம்மாள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு, நீங்க என்ன சொன்னீங்க? ஒரு வார்த்த விடாமச் சொல்லுங்க. கூட்டிக் கொறைச்சுச் சொல்லாதீங்க."

நான் சொன்னேன். இரண்டாவது போன் வந்த அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. கடைத் தாழ்வாரத்தில் நின்று பேசினேன். "சார், இந்தத் தடவ ரொம்ப நல்ல கருவிழி. இன்னைக்கே கிளம்பி வாங்க" என்றாள் அனிஷா. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். மறுபடியும் காய்ச்சல் என்று சொன்னால், மறுபடியும் கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நல்ல பெண் அப்படித்தான் செய்வாள். அது நிற்பதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. "அவங்க தவறிட்டாங்கம்மா" என்றேன். "எப்ப சார்?" என்றாள். போன வாரம் என்றேன். நான் அவள் கணவன் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். "சாரி சார். அவங்க வந்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, புத்தகம் படிக்க முடியுமான்னுதான் கேட்டாங்க" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். அவளும் அழுதாள். பெயரை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் தமிழ்மதிக்குச் சொல்லும்போது, என்னை அறியாமல் வாசிக்கிற குரலில்தான் சொல்லியிருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, அனிஷா பேசும் இடத்தில் குரலை இளக்கி. முடித்த பிறகுதான் அது உறைத்தது. அவமானமாக இருந்தது.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நான் செத்துட்டேன்னு சொல்லிட்டு வந்த அன்னைக்கும் எனக்குப் படிச்சீங்களா?"

"படிச்சேன், மதி."

அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனுக்குப் போன் போடச் சொல்லி மாயம்மாளைக் கூப்பிட்டாள். கருப்பணன் வந்து என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் நின்றுகொண்டு, "ஒங்க நம்பரக் குடுக்கச் சொன்னது நாந்தானே" என்று மட்டும் சொன்னார். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் ஸ்டேஷனில் உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று நீங்கள் உங்கள் ரைட்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எதை வேண்டுமானாலும் போடுங்கள், மறுக்க மாட்டேன். காய்ச்சல் என்று சொன்னது நான்தான். மதுரைக்குக் கூட்டிப் போகாமல் வைத்துக்கொண்டதும் நான்தான். உயிரோடு இருந்தவளை, அவளுக்குக் கண் வரவிருந்த நாளில், செத்துவிட்டாள் என்று சொன்னதும் நான்தான். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பூசைக்குப் போய் நாலு வாரம் ஆகிறது.

அனிஷாவையும் விசாரிப்பீர்கள். அவளிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள், மேடம். போனில் நான் அழுதது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். மனைவி செத்தவன் அழுகிற மாதிரியே அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாக்குமூலத்தை யாராவது தமிழ்மதிக்கு வாசித்துக் காட்டினால், நான் அவளை எவ்வளவு நேசித்தேன் என்பது அந்த இடத்தில் அவளுக்குப் புரிந்துவிடும்.